மருந்தின் அளவைக் கணினியும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் அம்மாவுக்குச் சிறுநீரகம் பலவீனம். அப்படியிருந்தும் ஒரு மருத்துவமனையில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசியை, சிறுநீரகத்துக்கேற்ப மாற்றாமல், வழக்கமான அளவிலேயே போட்டுவிட்டார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறிய பிறகுதான் கவனித்தார்கள். அம்மா தேறிவிட்டார், அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

வயது, எடை, கிரியாட்டினின், ஆணா பெண்ணா என்பதை வைத்துச் சிறுநீரகத் திறனைக் கணக்கிடும் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரம் 1976-லேயே வந்துவிட்டது. கணினி இதை நொடியில் போட்டு, அளவு கூடினால் எச்சரிக்கும். முடிவெடுப்பது டாக்டர்தான், சரி. ஆனால் இரவு டியூட்டிக் களைப்பில் யாருக்கும் கணக்கு தவறலாமே! எங்கள் குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளிலும் ஒவ்வொரு வார்டிலும் இந்த வசதி இருக்க வேண்டும். அப்புறம், படுக்கையில் சேர்க்கும்போதே நோயாளியின் எடையைப் பார்த்துக் குறித்துவிடுங்கள்.

- ஒரு வாசகி, தக்கலை