அடையாற்று முகத்துவாரத்துக்குக் களப்பயணம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வரும் சனிக்கிழமை காலை அடையாற்று முகத்துவாரத்துக்கு அழைத்துச் செல்கிறோம் என்று சொல்லி அனுப்பியதுமே சிலர் என்னைக் கேட்டுவிட்டீர்கள், "சாக்கடையைப் பார்க்கவா களப்பயணம்?" என்று. மூக்கைப் பொத்திக்கொண்டு கோட்டூர்புரம் பாலத்தைக் கடப்பவர் யாரும் கேட்கக்கூடியதுதான். கழிவுநீர் நாம் கலந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பெரிய ஆறுகளை வைத்துப் புத்தகம் சொல்லித்தரும் பாடத்தில் பாதியை இந்தச் சின்ன ஆற்றில் நேரிலேயே காட்டிவிடலாம்.

அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் நீளமே உள்ளது. மலையில் பிறந்ததன்று, ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீரே ஆறாகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் வழியில் வந்து சேர்கிறது. அதனால் கோடையில் இதற்குச் சொந்த நீர் என்று அநேகமாக எதுவும் இராது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் ஒரே சமயத்தில் நிரம்பிவிட்டால், வருடம் முழுவதும் ஓடாத நீர் இரண்டே நாளில் ஓடப் பார்க்கும். நிலமோ தட்டை. நீர் அகலத்தில்தான் பரவியாக வேண்டும். அந்த அகலத்தில் நாம் வீடு கட்டியிருக்கிறோம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் அப்போது மிகச் சிறியவர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதை அவர்களுக்குச் சுவரில் காட்டுங்கள். அளந்து குறித்து வரட்டும். எல்லா அளவுகளையும் சேர்த்து வகுப்பில் ஒரு வெள்ள வரைபடம் போடப் போகிறோம்.

முகத்துவாரத்தில் பார்க்க வேண்டியது மணல்திட்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகின்றன. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறினாலும், வருடக் கணக்கில் வடக்கு நோக்கிப் போகும் மணலே அதிகம். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அந்த மணலை மறித்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கடற்கரை அரித்துப்போனது. ஆற்றில் வேகம் குறையும் மாதங்களில் இதே மணல் முகத்துவாரத்தில் படிந்து வாயை அடைக்கப் பார்க்கும். அடைத்துவிட்டால் ஓதநீர், அதாவது கடல் ஏறும்போது ஆற்றுக்குள் வரும் நீர், உள்ளே வராது, உள்ளே தேங்கிய கழிவும் வெளியேறாது. இயந்திரம் வைத்து மணலை அள்ளுவதும், கடல் திரும்பக் கொண்டுவந்து கொட்டுவதும் முடிவில்லாத வேலை. ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் எவரைக் கேட்டாலும் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஓதம் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போகிறோம். அப்போதுதான் சேற்றுத்திட்டுகள் வெளியே தெரியும். ஒரு கை மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் வளை வாசலில் நின்று அந்தக் கையை ஆட்டுவதையும், சேற்றை வாயில் சலித்துச் சிறு உருண்டைகளாக வெளியே வைப்பதையும் பார்க்கலாம். அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் போல நிமிர்ந்து நிற்கும். காற்றில்லாத சேற்றில் வேர் பிழைக்க வேறு வழியில்லை. கடலில் பொரிக்கும் மடவையும் இறாலும் குஞ்சாக இருக்கையில் இப்படிப்பட்ட உப்பங்கழிகளில்தான் வளர்கின்றன. ஆகவே வாய் அடைபட்டால் நஷ்டம் ஆற்றோடு நிற்பதில்லை, வலைக்கும் உண்டு.

பள்ளிக்கரணைக்கு ஏன் போகவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்புநிலம், பறவைகளும் அங்கே அதிகம். ஆனால் அதன் நீர் அடையாற்றுக்கு வருவதில்லை. ஒக்கியம் மடு என்ற வாய்க்கால் வழியாகத் தெற்கே கோவளம் கழிமுகத்துக்குப் போகிறது. அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குவோம்.

யாரும் நீரிலோ சேற்றிலோ இறங்கமாட்டார்கள். ஆசிரியர்கள் கூடவே இருப்பார்கள். மூடிய காலணி, தொப்பி, குடிநீர், ஒரு நோட்டு போதும். கைப்பேசி வேண்டாம். ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவிக்கவும். இணைத்துள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்