கடைசி ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம்

மகப்பேறு மருத்துவர் சங்கங்களுக்கு,

வணக்கம். "குழந்தை கொஞ்சம் பெரிசா இருக்கு" என்ற பேச்சைப் பல தாய்மார்கள் முதன்முதலாகக் கேட்பது ஒன்பதாம் மாத ஸ்கேனில்தான். அதற்குப் பிறகு அவர்களால் செய்யக்கூடியது அதிகமில்லை. அந்த எடையும் ஒரு மதிப்பீடுதான். 10, 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 4 கிலோ என்று திரையில் காட்டிய குழந்தை மூன்றரைக் கிலோவில் பிறப்பதும் உண்டு.

குழந்தை 4 கிலோவைத் தாண்டலாம் என்பதற்கான அறிகுறிகளில் பலவும் முதல் வருகையிலேயே உங்கள் கையில் இருக்கின்றன. கர்ப்பத்துக்கு முந்தைய எடை, முந்தைய குழந்தை பிறந்த எடை, எத்தனையாவது பிரசவம், ஏற்கெனவே சர்க்கரை நோய் உண்டா என்பதெல்லாம் அட்டையில் எழுதப்படுகின்றன. எழுதியதற்கு என்ன பொருள் என்று அந்தத் தாய்க்குச் சொல்வதுதான் விட்டுப்போகிறது.

எடை கூடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் வந்த அமெரிக்கப் பரிந்துரைப்படி, இயல்பான எடையுள்ள பெண் கர்ப்ப காலத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். உடல் பருமன் உள்ளவருக்கு 5 முதல் 9 கிலோ போதும். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, இருவருக்குமே "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினால் எப்படி?

சர்க்கரையைப் பார்க்கிறீர்கள், சரி. தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடக்கும், அவளுடைய இன்சுலின் கடக்காது. வந்து குவியும் சர்க்கரைக்காகக் குழந்தையின் கணையமே இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. அந்த இன்சுலினால் குழந்தையின் உடம்பில், முக்கியமாகத் தோளிலும் வயிற்றிலும், கொழுப்பு சேர்கிறது. அதனால்தான் ஒரே எடையுள்ள இரு குழந்தைகளில், சர்க்கரை உள்ள தாயின் குழந்தைக்குப் பிரசவத்தின்போது தோள் சிக்கும் ஆபத்து கூடுதல். தொப்புள்கொடியை வெட்டியதும் குளுக்கோஸ் வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் மிஞ்சும். குழந்தைக்குச் சர்க்கரை சடாரென்று இறங்குவது இப்படித்தான்.

ஆனால் "சர்க்கரை இல்லை" என்ற ஒரு ரிப்போர்ட்டோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. 2008இல் வெளியான, ஒன்பது நாடுகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஹாப்போ ஆய்வு, சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாத அளவுகளிலும், தாயின் சர்க்கரை கூடக் கூடப் பெரிய குழந்தை பிறக்கும் வாய்ப்பும் கூடுவதைக் காட்டியது. பெரிய குழந்தைகளில் பெரும்பாலானவை சர்க்கரை நோய் இல்லாத தாய்மாருக்கே பிறக்கின்றன.

இன்னொன்று, பழி. அவளுடைய உயரம், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை, தேதி தாண்டிப் போனது, இதெல்லாம் எடையைக் கூட்டும் காரணங்கள்தான். இவற்றில் அவள் செய்த தப்பு என்ன? "கண்டதையும் தின்னுட்டே" என்ற ஏச்சு வீட்டில் கிடைப்பது போதாதா?

நான் கேட்பது இவ்வளவுதான். முதல் வருகையிலேயே, எத்தனை கிலோ வரை கூடலாம் என்று அவளுடைய அட்டையில் எழுதிக் கொடுங்கள். முந்தைய குழந்தை 4 கிலோவைத் தாண்டியிருந்தால், 24ஆம் வாரம் வரை காத்திராமல் அப்போதே சர்க்கரை பாருங்கள். கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தவரை, பிரசவமாகி மூன்று மாதத்துக்குள் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லித் தேதி குறித்தே வீட்டுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பேறுகாலச் செவிலியர் ஒருவர்