பாசறை இரவும் பாடத்தில் வேண்டும்

ஞாயிறு இணைப்பில் வெளியான போர்க் கவிதைகள் பற்றிய கட்டுரை, முதல் உலகப் போரில் நச்சுப்புகைக்குப் பலியான வீரனைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவனைப் பற்றி விரிவாகப் பேசுகிறது, சரி. ஆனால் பழந்தமிழ்ப் போர்ப் பாடல்களில் வீரப் பெருமிதம் மட்டுமே உண்டு என்று ஒரே வரியில் முடித்திருப்பது பொருந்தாது. சங்க இலக்கியமான பத்துப்பாட்டில் ஒன்றாகிய நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. அதன் இறுதிப் பகுதி நள்ளிரவுப் பாசறை, அதாவது போர்முகாம். வாடைக் காற்று வீசும்போதெல்லாம் விளக்கின் சுடர் தெற்கே சாய்கிறது. சேணம் களையாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று மேலே விழும் மழைத்துளியை உதறுகின்றன. வேப்பந்தழை கட்டிய வேலோடு முன்னே செல்பவன் வாள்புண் பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்ட, உறக்கமில்லாத அரசன் நழுவும் மேலாடையை இடக்கையால் அணைத்தபடி பின்தொடர்கிறான். அங்கே யாரும் அழவில்லை, புலம்பவில்லை. காற்றும் சேறும் விளக்குமே அந்த இரவின் வேதனையைச் சொல்லிவிடுகின்றன.

தமிழாசிரியராக நான் கண்டவரை, வகுப்பில் போரையும் வீரத்தையும் பாடும் புறத்திணை என்றாலே, சிதைந்து கிடந்த மகனைக் கண்டு ஈன்ற பொழுதினும் மகிழ்ந்த தாயோடு பாடம் நின்றுவிடும். தேர்வுக் கேள்வியும் அதிலிருந்துதான். அந்தப் புறநானூற்றுப் பாடலுக்கு அடுத்த பக்கத்திலேயே இந்தப் பாசறைக் காட்சியையும் அச்சிடப் பாடநூல் குழு முன்வர வேண்டும்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்