கடையில் கிடைக்காத பக்திக் காப்பியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவப் புத்தகக் கடைகளின் முன்வரிசையை இப்போது நிறைத்திருப்பவை, விசுவாசத்தையும் வாழ்க்கை வெற்றியையும் சேர்த்துத் தரும் மொழிபெயர்ப்பு நூல்களே. அவற்றை வாசித்து மனம் தேறியவர்கள் இருப்பதால் நான் குறைகூற வரவில்லை. ஆயினும் 1678-இல் வெளிவந்த ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ நூலைத் தழுவி, திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியம் நான் கேட்ட கடைகளில் இல்லை என்பது வருத்தம் தருகிறது. ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்று ஆராதனையில் உருகிப் பாடும் நம்மில் பலருக்கு அது அவர் பாட்டு என்பதே தெரியாது.

பாவச்சுமையை முதுகில் தாங்கியவன், அழிவுக்குரிய ஊரை விட்டோடி, அவநம்பிக்கைச் சேற்றில் விழுந்தெழுந்து, சிலுவையடியில் சுமை கழன்ற பின்னும் தொடர்ந்து போராடி நடக்கும் அக்கதையில், ஆன்மிக வளர்ச்சி ஏழே படிகளில் கைகூடும் வித்தையாகக் காட்டப்படுவதில்லை. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் தோய்ந்த புலவரின் விருத்தங்கள் இன்றைய இளைஞருக்குக் கடினமே. தமிழ் படித்தவர்களும் சற்றுத் திணறுவார்கள். ஆகவே, சீர் பிரித்து எளிய உரையுடன் மலிவுப் பதிப்பொன்றைப் பதிப்பகங்கள் கொண்டுவரவும், வாலிபர் கூட்டங்களில் மாதம் ஒரு படலமேனும் வாசிக்கத் திருச்சபைகள் ஏற்பாடு செய்யவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை