பந்தைச் சுற்றி நடப்பதைச் சொல்லும் குரல்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசாயிற்று. பிசியோ சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே லீட்ஸில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கிறது; சிட்னியில் நீங்கள் கம்பளி போர்த்திக்கொண்டிருப்பீர்கள்.

வீட்டில் முடங்கிய நாள்களில் என்.ஆர்.எல்., அதாவது ஆஸ்திரேலிய ரக்பி லீக் போட்டிகள், பார்க்கப் பழகிவிட்டாய், ஆட்டம் பிடிக்கிறது, வர்ணனைதான் தலைவலி என்று எழுதியிருந்தாய். ஆட்டத்துக்கு நீ புதியவன் என்பதால் வந்த தலைவலி இல்லை அது. முப்பது வருஷம் பார்த்தவர்களுக்கும் அதே தலைவலி உண்டு. காரணத்தைத் தெரிந்துகொண்டால் எதற்குக் காது கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்று பிடிபடும்.

தொலைக்காட்சிப் படம் பந்தை விட்டு நகர்வதே இல்லை. திடலின் அகலம் 68 மீட்டர். கூட்டமாக மோதிக்கொள்ளும் நேரத்தில் அதில் பாதிகூடத் திரையில் விழாது. ஓடுபவன், அவனைப் பிடிக்கும் இருவர் மூவர், பக்கத்தில் உருட்டிய பந்தை எடுக்கும் டம்மி ஹாஃப், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஆட்டத்தைத் தீர்மானிக்கும் விஷயங்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றன. கடைசியில் நிற்கும் ஃபுல்பேக் வலப்பக்கம் இருக்கிறாரா இடப்பக்கமா? ஒரு முறைக்கு ஆறு டேக்கிள் (பிடிபடுதல்) மட்டும் என்பதால், ஐந்தாவது டேக்கிளில் உதை வரும் என்று ஓர ஆட்டக்காரர்களான விங்கர்கள் பின்வாங்கிவிட்டார்களா? ஓரத்தில் தாக்குபவர் நால்வர், தடுப்பவர் மூவர் என்று ஆகியிருக்கிறதா? தற்காப்பு வரிசை விதிப்படி பத்து மீட்டர் பின்னால் போய்ச் சேர்ந்ததா, ஏழிலேயே நின்றுவிட்டதா? வர்ணனைப் பெட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு முழுத் திடலும் தெரிகிறது. அவர் இதையெல்லாம் விட்டுவிட்டு, "எடுத்தார், ஓடினார், விழுந்தார்" என்றால், நம் கண் முன்னால் நடப்பதையே நமக்கு ஒப்பிக்கிறார். என் கணக்கில் வர்ணனையின் தரத்தை அளக்க இந்த ஒன்றே போதும்.

வானொலி வேறு. அங்கே கண்ணும் அவரே, கணக்கும் அவரே. சிட்னி 2எஸ்எம் நிலையத்தில் பல பத்தாண்டுகள் வர்ணித்த ஃபிராங்க் ஹைட், கோல் உதை பறக்கும்போது சொல்லும் வாக்கியம் இன்றும் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்: நீளம் போதும், உயரம் போதும், கம்பங்களுக்கு நடுவே நேராகப் போகிறது. கேட்க அலங்காரம் போலிருக்கும். ஆனால் உதைத்த பந்தைப் பற்றிக் கேட்பவனுக்கு வேண்டியவை தூரம், உயரம், திசை என்ற மூன்றுதான். மூன்றையும் சொல்லி, முடிவைக் கடைசியில் வைக்கிறார். ஹைட் நார்த் சிட்னிக்கு ஆடியவர். எது எப்போது தெரியவரும் என்பது ஆடிய காலத்திலேயே உடம்பில் பதிந்திருக்கும்.

நீ குறிப்பாகக் கேட்டது 'சிக்ஸ் அகெய்ன்' (மீண்டும் ஆறு) பற்றி. திடீரென்று டேக்கிள் எண்ணிக்கை திரும்ப ஆரம்பிக்கிறது, ஏன் என்று யாரும் சொல்வதில்லை என்கிறாய். சரியான புகார். 2020 மே மாதத்தில், கோவிட் நிறுத்தத்துக்குப் பின் போட்டிகள் மீண்டும் தொடங்கியபோது இந்த விதி வந்தது. அதற்கு முன், விழுந்தவன் மேல் கிடந்து எழுந்திருக்க விடாமல் தாமதித்தால் விசில், பெனால்டி. உதைத்துப் பந்தை வெளியே தள்ளி, வரிசை கட்டி, திரும்ப ஆரம்பிக்கும் வரை வர்ணனையாளருக்கு அரை நிமிடம் கிடைக்கும், நிதானமாக விளக்கலாம். இப்போது நடுவர் கையைச் சுழற்றுகிறார், ஆட்டம் நிற்காமல் ஓடுகிறது. விளக்கும் இடைவெளி போய்விட்டது, பழைய பழக்கம் போகவில்லை. "மீண்டும் ஆறு!" என்று கத்திவிட்டு அடுத்த ஓட்டத்துக்குத் தாவுகிறார்கள்.

அந்தக் கத்தலுக்கு ஆகும் இரண்டு நொடிக்குள் மூன்று விஷயம் சொல்ல முடியும்: என்ன தப்பு, யார் செய்தது, எத்தனையாவது டேக்கிளில். "மார்க்கர் விலகவில்லை, எட்டாம் எண், நான்காவதில்" என்றால் முடிந்தது (மார்க்கர், பந்தை உருட்டுபவனுக்கு எதிரே நிற்பவர்). மூன்றாவதுதான் முக்கியம். நான்காவது டேக்கிளில் தப்புச் செய்தால், எதிரணிக்கு முடியப்போகிற முறை புதிதாகப் பிறக்கிறது, பெரிய தண்டனை. முதல் டேக்கிளிலேயே செய்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய ஒரே ஒரு டேக்கிள். அந்த விலையில் தன் வரிசையைச் சீராக்க நேரம் வாங்கிவிடலாம். அணிகள் இதைக் கண்டுகொண்டு, எதிரணி தன் கோட்டருகே இருந்து வெளியே வரும் நேரத்தில் வேண்டுமென்றே தாமதித்தன. 2021-ல் பத்து மீட்டர் பின்வாங்காமல் நிற்கும் ஆஃப்சைடுக்கும் இதே தண்டனை என்று ஆனபின் இன்னும் வசதி. அதனால்தான் 2022-ல், தாக்கும் அணி தன் 40 மீட்டர் கோட்டுக்குள் இருந்தால் இந்தத் தவறுகளுக்கு முழுப் பெனால்டி என்று மாற்றினார்கள். இந்தப் பின்னணியோடு கேட்டால், "முதல் டேக்கிளில் மீண்டும் ஆறு" என்பதில் ஓர் அணியின் திட்டமே தெரிந்துவிடும். வர்ணனையாளர் எண்ணைச் சொல்லாமல் விட்டால் அந்தத் திட்டம் நமக்குத் தெரியாமலே போகிறது.

அடுத்தது, மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவது. பெட்டியில் இருவரும் கோட்டோரத்தில் ஒரு நிருபரும் போதும் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஆட்டத்தில் பந்து நிற்கும் இடைவெளி மிகக் குறுகியது. பிடிபட்டவன் எழுந்து காலால் பந்தைப் பின்னுக்கு உருட்ட மூன்று நொடி ஆனால் வேகம். நான்கைத் தாண்டினால் தற்காப்பு நிமிர்ந்து நின்றுவிடும். அந்த மூன்று நொடியில் முன்னாள் ஆட்டக்காரரான நிபுணருக்கு இடம் நான்கைந்து சொல்தான். அவர் விரித்துப் பேச வேண்டியது ஸ்க்ரம், டிராப் அவுட், கோல் உதை, வீடியோ பரிசீலனை என்று ஆட்டம் நிற்கும் நேரங்களில். நிபுணர் நடுவில் கதையைத் தொடங்கிவிட்டால் முதன்மை வர்ணனையாளர் இரண்டு டேக்கிளைத் தவறவிடுவார். பிறகு ட்ரை (கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் புள்ளி எடுப்பது) விழும்போது அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. சத்தத்தைக் கூட்டி அதை மூடுவார். நீ கேட்ட கத்தலில் பாதி இதுதான்.

நல்ல நிபுணரை அடையாளம் காண ஒரு வழி உண்டு. ட்ரைக்குப் பின் மறுபடி காட்டும்போது, கடைசி பாஸை மட்டும் புகழ்கிறாரா, இரண்டு டேக்கிள் பின்னால் போகிறாரா என்று பார். இடைவெளி விழுந்தது கடைசி நொடியில் இருக்கலாம், விதைத்தது முன்னால். நடுவில் ப்ராப் என்ற முன்வரிசைக்காரர் ஒருவர் இரண்டு பேரைத் தரையில் கிடத்தினார், அவர்கள் எழுந்து வரத் தாமதம், உள்ளே ஆள் குறைந்தது, அதை அடைக்க மூன்றாவது ஆள் உள்ளே திரும்பினார், அவரைப் பார்த்து விங்கரும் உள்ளே வந்தார், ஓரம் திறந்தது. இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிச் சொல்லத் தெரிந்த முன்னாள் ஆட்டக்காரர் தங்கம். "என்ன திறமை, என்ன திறமை" என்பவரால் ஒன்றும் கிடைக்காது. தன் பழைய அணி ஆடும்போது "நாம்" என்று பேசுபவரை நான் அந்த நொடியே நம்புவதை நிறுத்திவிடுவேன்.

முதன்மை வர்ணனையின் உச்சத்தைக் கேட்க வேண்டுமானால் குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரில் 1994-இன் முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைத் தேடிப் பார். குயின்ஸ்லாந்து 12–10 பின்தங்கியிருக்கிறது. பந்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கை மாறிக்கொண்டே போகிறது: ரெனௌஃப், ஹான்காக், டாரன் ஸ்மித், லாங்கர், மெனிங்கா, மார்க் காய்ன். வர்ணனையாளர் ரே வாரன் ஒவ்வொரு பெயரையும் பந்து அந்தக் கைக்குப் போன கணத்தில் சொல்கிறார். இடையில் ஒரு பெயரடைகூட இல்லை. காய்ன் மூலையில் விழுந்து, ட்ரை என்று உறுதியான பிறகுதான், "இது ட்ரை இல்லை, அற்புதம்" என்ற அந்த வாக்கியம் வருகிறது. அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு இன்று பலர் எல்லா ட்ரைக்கும் அற்புதம் என்கிறார்கள். அதற்கு முன்னால் வந்த பெயர் வரிசையில்தான் உழைப்பு இருக்கிறது. வாரன் ஜூனி என்ற ஊரில் சிறுவனாகக் கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டுக் குதிரைப் பந்தயம் போல வர்ணித்துப் பழகியவர். பிறகு உண்மையான பந்தயங்களையும் வர்ணித்தார். நிறத்தை வைத்து ஆளை நொடியில் அடையாளம் காணும் பழக்கம் அங்கிருந்து வந்தது. 2022-ல் ஓய்வு பெற்றார்.

பெயர் என்றதும் இன்னொன்று. என்.ஆர்.எல்.-இல் எண் பெரும்பாலும் இடத்தைச் சொல்லிவிடும்: 1 ஃபுல்பேக், 7 ஹாஃப்பேக், 9 ஹூக்கர், 8-ம் 10-ம் ப்ராப். இங்கே இங்கிலாந்தின் சூப்பர் லீக்கில் ஆண்டு முழுவதற்கும் ஒரே எண். 24 போட்டவர் விங்கில் நிற்கலாம், ப்ராப்பாகவும் வரலாம். அதனால் இங்குள்ள வர்ணனையாளர் ஒவ்வொரு வாரமும் இரு அணியின் ஆட்டக்காரர்களையும் இடவாரியாக அட்டையில் எழுதி, எண்ணையும் உச்சரிப்பையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு வர வேண்டும். உச்சரிப்புத்தான் அதிகம் சறுக்கும் இடம். பசிபிக் தீவு வேர் கொண்ட ஆட்டக்காரர்கள் என்.ஆர்.எல்.-இல் பாதிக்கு நெருக்கம். ஃபிஜிப் பெயர்களில் எழுத்து ஒன்று, ஒலி ஒன்று: வாங்கா பிளேக், செமி ராண்ட்ராண்ட்ரா என்று சொல்ல வேண்டியவற்றை ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே படித்தால் ஆள் பெயரே மாறிவிடும். ஆட்டத்துக்கு முன் அணி மேலாளரிடம் ஐந்து நிமிடம் கேட்டால் தீரும் வேலை இது. செய்யாமல் வருவதை நான் மன்னிப்பதில்லை.

மௌனம் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 என்.ஆர்.எல். இறுதிப் போட்டி: கைல் ஃபெல்ட் வலது மூலையில் ட்ரை போட்டு 16–16, ஆட்ட நேரம் முடிந்தது, ஜானதன் தர்ஸ்டன் ஓரத்திலிருந்து உதைக்க வேண்டும். சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வலக்காலால் உதைப்பவருக்கு வலது ஓரம் கடினமான பக்கம், பந்து உள்ளே வளைந்து வர வேண்டும். அதற்குப் பின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பும் சத்தத்துக்கு மேல் யாரும் எதையும் சேர்க்க முடியாது. பிபிசியில் வர்ணித்த எடி வேரிங்கை இங்கே வடக்கில் பலர் வெறுத்தார்கள். தங்கள் ஆட்டத்தைத் தெற்கத்தியர் முன் கோமாளிக் கூத்தாக்கினார் என்று கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் 1968 சேலஞ்ச் கோப்பை இறுதியில், வெம்ப்ளியின் தண்ணீர் தேங்கிய புல்லில், கம்பங்களுக்கு நேர் முன்னாலிருந்து உதைத்த டான் ஃபாக்ஸ் தவறவிட்டு, வேக்ஃபீல்ட் 11–10 என்று தோற்றபோது, வேரிங் சொன்னது தவறவிட்டுவிட்டார் என்பதும், பாவம் பையன் என்பதும்தான். விளக்கமில்லை, பழியில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக அவரை மதிக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. தொலைக்காட்சியின் ஒலியை அடக்கிவிட்டு ஏபிசி வானொலியைப் போட்டுப் பார்க்க ஆசை, ஆனால் படமும் குரலும் சேரவில்லை என்றாயே. சாதாரண ஏ.எம். அலைவரிசை பெரும்பாலும் படத்தை முந்தும்; முந்தியதைப் பிடித்து நிறுத்த வீட்டில் வழியில்லை. அதனால் செயலியில் கேள், அது பிந்தி வரும். ஆட்டத்தை நிறுத்தி வைக்க வசதியுள்ள ஸ்ட்ரீமிங்கில் பார். தொடக்க உதைக்குக் கால் படும் கணத்தில் படத்தை நிறுத்து. வானொலியில் விசில் கேட்டு, உதைத்தார் என்ற சொல் வந்ததும் ஓட விடு. செயலி இடையில் சுற்றிச் சுற்றி நின்றால் கணக்குக் கலைந்துவிடும். அடுத்த ட்ரைக்குப் பின் வரும் தொடக்க உதையில் திரும்பச் சரிசெய். ஸ்ட்ரீமிங்கே குரலைவிடப் பிந்தினால் படத்துக்குப் பதில் செயலியை நிறுத்தி ஓட விடு.

முதல் பாதி வானொலியோடு, இரண்டாம் பாதி தொலைக்காட்சிக் குரலோடு பார். ஃபுல்பேக் எங்கே நிற்கிறார், எத்தனையாவது டேக்கிள், ஏன் மீண்டும் ஆறு என்ற மூன்றையும் எந்தப் பாதியில் அதிகம் கேட்டாய் என்று எழுது. கமலாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
சண்முகம்