நெறி கட்டியிருக்கிறது என்றாயே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இதை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முழுவதும் படி.

காலில் ஆணி குத்தியது. டி.டி. ஊசி போட்டுக்கொண்டாய். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வலி விட்டதும் நிறுத்திவிட்டாய். இப்போது தொடை இடுக்கில் நெறி கட்டி, காய்ச்சலும் அடிக்கிறது என்கிறாய். அந்த ஊசி ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டும்தான் காவல். சீழ் பிடிக்கவைக்கும் பாக்டீரியாக்களை அது ஒன்றும் செய்யாது. உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது.

செப்டிக் ஆகிவிட்டது என்றால் எல்லோரும் புண்ணைத்தான் பார்ப்பார்கள். வார்டில் நாங்கள் ஆளைப் பார்ப்போம். கருவேல முள் குத்திய விவசாயி ஒருவரை ஓர் இரவு கொண்டுவந்தார்கள். புண் சுண்டைக்காய் அளவுகூட இல்லை. "காய்ச்சல் இறங்கிவிட்டது சிஸ்டர்" என்றார்கள். தொட்டால் கை கால் சில்லிட்டிருந்தது. மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டியது. இருபத்திரண்டைத் தொட்டாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். மனைவியைப் பார்த்து, "இந்த அம்மா யார்?" என்று கேட்டார். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிலைதவறித் தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையுமே கெடுக்கத் தொடங்கியிருந்தது. அதுதான் செப்சிஸ். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாட்டிக்கை நரம்பில் ஏற்றி, சலைன் போட்டோம். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும். மணிக்கு மணி, குழாய் வழியாகச் சிறுநீர் வந்து சேரும் பையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். விடியும் நேரத்தில்தான் அது நிறையத் தொடங்கியது. பிழைத்துக்கொண்டார். இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

2017ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் செப்சிஸால் ஏறத்தாழ 1.1 கோடிப் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பயிற்சிக் காலத்தில் படித்த ஒருவரை நான் மறந்ததே இல்லை. ஆல்பர்ட் அலெக்சாண்டர், இங்கிலாந்துப் போலீஸ்காரர். முகத்தில் பட்ட காயத்திலிருந்து கிருமி பரவி ஒரு கண்ணையே எடுத்துவிட்டார்கள். 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்குப் பென்சிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் போட்டார்கள். சில நாட்களிலேயே காய்ச்சல் விட்டு, சாப்பிடத் தொடங்கினார். ஆனால் உலகத்திலேயே அவ்வளவுதான் மருந்து இருந்தது. அவருடைய சிறுநீரிலிருந்தே பிரித்தெடுத்து மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள், போதவில்லை. மார்ச் மாதம் இறந்துபோனார். அவருக்குக் கிடைக்காமல் போன மீதி மருந்து உன் மேசை இழுப்பறையில் கிடக்கிறது தம்பி! அதற்காக அதை எடுத்து நீயாக விழுங்கிவிடாதே. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இன்றைக்கே லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. காலைக் காட்டு, சர்க்கரையும் பார்த்துக்கொள். குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, பேச்சில் குழறல், சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போய், "செப்சிஸாக இருக்குமா?" என்று நீயே கேள். கூச்சப்படாதே. அறையில் இருக்கும் பையனிடமும் இதைப் படிக்கக் கொடு. நீ தடுமாறினால் அவன்தான் கவனிக்க வேண்டும்.

நான் இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். டாக்டரைப் பார்த்ததும் போன் செய்.

அம்மா