சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவந்த பிறகே எந்தச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்று யோசிக்கத் தொடங்கும் மாணவர்கள், திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தை அப்போதே இழந்துவிட்டிருக்கிறார்கள். அங்கு இடம் கிடைப்பது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட் தேர்வின் தரவரிசையால். அத்தேர்வோ அண்மை ஆண்டுகளில் முந்தைய டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கென அங்கு ஒதுக்கீடு இருப்பதைப் பல பெற்றோர் அறியாதிருப்பது மிகுந்த வேதனை தருகிறது.

நுழைவுத் தேர்வு எழுதாதவர்களுக்கும் வழி உண்டு. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியும், மதுரை, கோவை, நெல்லை போன்ற ஊர்களின் அரசு சட்டக் கல்லூரிகளும் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மாணவர்களைச் சேர்க்கின்றன. இவ்விரண்டுக்கும் விண்ணப்பங்கள் தனித்தனி என்பதால், அதிக மதிப்பெண் பெற்ற நம்பிக்கையில் சீர்மிகு பள்ளிக்கு மட்டும் விண்ணப்பிப்பவர், அங்கு கட்ஆஃப் உயர்ந்தால் கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரி இடத்தையும் சேர்த்து இழக்கிறார். தம் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குரிய முந்தைய ஆண்டுக் கட்ஆஃபைப் பார்த்துவிட்டு, இரண்டுக்குமே விண்ணப்பிப்பதுதான் சரி. தனியார் கல்லூரியானால், சட்டக் கல்வியை முறைப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் அனுமதி நடப்பாண்டுக்கு உள்ளதா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டறிய வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பிலேயே இவ்விவரங்களை மாணவர்களுக்குச் சொல்லப் பள்ளிக் கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்,
விழுப்புரம்